ஒரு நொடி மின்சாரம்

காலத்தை அளப்பதற்கு நம்முடைய பழைய இலக்கணக்காரர்கள் கடிகாரத்தைத் தேடிப் போகவில்லை. மனிதன் தன் இயல்பில் ஒருமுறை இமை கொட்டுகிறான். ஒருமுறை விரலைச் சொடுக்குகிறான். அந்த நேரம் எவ்வளவோ, அதுதான் ஒரு மாத்திரை என்று தொல்காப்பியர் முடிவு கட்டிவிட்டார். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்யெழுத்துக்கு அரை. 'நொடி' என்ற சொல்லே விரல் சொடுக்குவதிலிருந்து வந்ததுதான். ஒரு மொழியின் ஓசை முழுவதையும் இந்தச் சின்ன அளவுகோலை வைத்துக்கொண்டு அளந்து காட்டினார்கள். குறிலை நெடிலாக நீட்டினால் சொல் மாறிவிடும், பொருளும் மாறிவிடும். வளத்துக்கும் வாளத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரே ஒரு மாத்திரை அல்லவா?

இலக்கணத்துக்கும் மோட்டார் வண்டிக்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர்கள் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. மோட்டார் வண்டியின் உடம்புக்குள் ஓடும் மின்சாரமும் குறிலும் நெடிலும் அறிந்து நடக்க வேண்டிய ஒன்றுதான். பெட்ரோலைக் கொளுத்தும் பொறி, ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே நிற்க வேண்டும். வளைவில் திரும்பும்போது மினுக்கும் விளக்கு, எரிவதற்கு ஒரு மாத்திரையும் அணைவதற்கு ஒரு மாத்திரையுமாகக் கணக்காக நடக்க வேண்டும். கதவுப் பூட்டை இழுக்கும் சிறு மோட்டாருக்கு அரை விநாடி மின்சாரம் போதும். அதையே ஐந்து நிமிஷம் கொடுத்தால் கருகிப் புகைந்துவிடும். மின்சாரம் வருவது ஒரு பெரிய காரியம் அல்ல. வந்த வேலை முடிந்ததும் போய்விடுவதுதான் பெரிய காரியம். விருந்தாளிக்குச் சொல்லும் நியாயம் மின்சாரத்துக்கும் பொருந்துகிறது.

சென்னையிலிருந்து மேற்கே பூந்தமல்லிச் சாலையில் போகிறவர்கள் கோயம்பேட்டையும் மதுரவாயலையும் தாண்டி வானகரத்துக்கு வருகிறார்கள். ஒருபுறம் பெங்களூருக்குப் போகும் சாலை. இன்னொருபுறம் நகரைச் சுற்றிக்கொண்டு போகும் புறவழிச் சாலை. வடக்கே அம்பத்தூருக்கு ஒரு சாலை பிரிகிறது. மொத்த மீன் மார்க்கெட்டுக்கு விடியற்காலையில் வந்து சேரும் லாரிகள் ஒரு பக்கம். ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை தொழிற்சாலைகளுக்குச் சாமான் ஏற்றிச் செல்லும் வண்டிகள் ஒரு பக்கம். இத்தனை வண்டி போகும் பாதையில் வண்டி வைத்தியர்கள் இல்லாமல் இருப்பார்களா? சாலையோரத்தில் 'ஆட்டோ எலக்ட்ரிகல்ஸ்' என்று பலகை மாட்டிய சின்னக் கடைகளை நெடுகப் பார்க்கலாம். ஒரு மேஜை, ஒரு டெஸ்ட் விளக்கு, சூட்டுக்கோல், சுவரில் மாட்டிய வண்ண வண்ண ஒயர்ச் சுருள்கள். அந்த மேஜையின் இழுப்பறையைத் திறந்தால் இரண்டு சாமான்கள் கட்டாயம் கிடைக்கும். ஒன்று ரிலே, மற்றொன்று கண்டென்ஸர். இன்றைய பாடப் புத்தகங்கள் இதைக் கெபாசிட்டர் என்றும் மின்தேக்கி என்றும் சொல்லும். கடைக்காரருக்கு அது என்றைக்கும் கண்டென்ஸர்தான்.

இந்த இரண்டு சாமான்களின் சரித்திரம் சுவையானது.

மின்தேக்கி என்ற தமிழ்ப் பெயர் மிகப் பொருத்தமாக அமைந்துவிட்டது. இந்த வட்டாரம் முழுவதும் ஏரிகளின் நாடு. அம்பத்தூர் ஏரி, போரூர் ஏரி, செம்பரம்பாக்கம் ஏரி என்று அடுக்கிக்கொண்டே போகலாம். மழை கொடுத்ததைத் தேக்கி வைத்து, மதகைத் திறந்தபோது விடுவது ஏரியின் வேலை. மின்சாரத்துக்கும் அப்படி ஓர் ஏரி வேண்டும் என்று யாரும் திட்டம் போட்டுக் கண்டுபிடிக்கவில்லை, கைதவறிக் கிடைத்தது. 1745-ல் பொமரேனியாவில் கிளைஸ்ட் என்ற பாதிரியாரும், அடுத்த ஆண்டில் ஹாலந்து தேசத்து லைடன் நகரில் முஷன்புரூக் என்ற பேராசிரியரும், கண்ணாடிக் குப்பிக்குள் மின்சாரத்தைப் பிடித்து வைக்கலாம் என்று தெரிந்துகொண்டார்கள். தெரிந்துகொண்ட விதம் இன்பமானதல்ல. குப்பியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் கம்பியைத் தொட்டவர்கள், உடம்பு முழுவதும் உலுக்கி எடுக்கப்பட்டுக் கீழே விழாத குறையாக நின்றார்கள்.

அந்த அதிர்ச்சி ஐரோப்பாவுக்கே ஒரு வேடிக்கையாகிவிட்டது. 1746-ல் பிரெஞ்சு அரசர் முன்னிலையில் நொலே என்ற பாதிரியார் 180 காவல் வீரர்களைக் கைகோத்து நிற்கச் செய்து, வரிசையின் இரு கோடிகளுக்கும் இடையே குப்பியை வைத்து மின்சாரத்தைப் பாய்ச்சினார். 180 பேரும் ஒரே சமயத்தில் துள்ளினார்கள். அரசருக்குச் சிரிப்பு வந்திருக்கும். நமக்கு வேண்டிய விஷயம் அந்தத் துள்ளலில் இருக்கிறது. குப்பியில் இருந்த மின்சாரம் முழுவதும் ஒரே வீச்சில் வந்தது, வந்தவுடன் தீர்ந்தது. இரண்டாம் துள்ளல் இல்லை. மனிதன் முதன்முதலாகத் தன் கையால் உண்டாக்கிய 'ஒரு நொடி மின்சாரம்' இதுதான் என்று சொல்லலாம்.

ரிலே என்பது வேறு குலம். அந்தச் சொல் குதிரை லாயத்திலிருந்து வந்தது. களைத்த குதிரையை விட்டுவிட்டுப் புதுக் குதிரையைப் பூட்டிக்கொண்டு தபால் வண்டி மேலே போகும் ஏற்பாட்டுக்கு அந்தப் பெயர். நம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கோலைக் கைமாற்றி ஓடும் பந்தயத்தை அஞ்சல் ஓட்டம் என்கிறோமே, அதே பொருள்தான். 1835 வாக்கில் அமெரிக்காவில் ஜோஸப் ஹென்றி என்ற ஆசிரியர் இதை மின்சாரத்தில் செய்தார். வெகு தூரத்திலிருந்து கம்பி வழியாக வரும் மின்சாரம் களைத்துப்போய் வந்து சேருகிறது. அதனால் பெரிய வேலை செய்ய முடியாது. ஆனால் ஒரு சின்ன இரும்புத் தகட்டை இழுப்பதற்கு அதனிடம் சக்தி இருக்கிறது. அந்தத் தகடு அசைந்து இன்னொரு பாட்டரியின் ஸ்விட்சை மூடட்டும். அந்தப் புதுக் குதிரை மேற்கொண்டு ஓடட்டும்! கார்டு பச்சைக் கொடியை அசைக்கிறார்; அவர் கைக்கு ரயிலை இழுக்கும் பலம் உண்டா? இல்லை. ஆனாலும் ரயில் புறப்படுகிறது. ரிலே செய்வது கார்டின் வேலை. தந்தி என்ற மகத்தான சாதனம் பல நூறு மைல் தாண்டியது இந்த உபாயத்தால்தான். நம் நாட்டில் 1850-களில் பொதுமக்களுக்கு வந்த தந்தி, 2013 ஜூலையில் விடை பெற்றுக்கொண்டது. தந்தி போன பிறகும் அதன் பிள்ளையான ரிலே போகவில்லை. இன்றைக்கு ஒவ்வொரு காரின் முன்பக்கத்திலும் ஒரு கறுப்புப் பெட்டிக்குள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறது.

ஏரிக்கும் கொடிக்காரனுக்கும் கல்யாணம் நடந்த இடம் எது என்றால், அதற்கும் ஒரு பாதிரியார் இருக்கிறார். அயர்லாந்தில் மேனூத் கல்லூரியில் இருந்த நிக்கலஸ் காலன், 1836-ல் ஓர் இரும்புத் தண்டின்மேல் தடித்த கம்பியைக் கொஞ்சமும் மெல்லிய கம்பியை ஏராளமாகவும் சுற்றினார். தடித்த கம்பியில் பாயும் மின்சாரத்தைச் சட்டென்று அறுத்தால், மெல்லிய கம்பியின் முனைகளில் மிக உயர்ந்த அழுத்தத்தில் பொறி பறந்தது. கவனிக்க வேண்டும்: மின்சாரம் பாயும்போது பொறி இல்லை, நிறுத்தும்போதுதான் பொறி. எவ்வளவுக்கெவ்வளவு சட்டென்று நிறுத்துகிறோமோ அவ்வளவுக்கவ்வளவு பொறி பலமாக இருக்கும்.

இங்கே ஒரு சங்கடம் வந்தது. ஓடிக்கொண்டிருக்கும் மின்சாரம் சட்டென்று நிற்க ஒப்புவதில்லை. தொடுமுனைகளைப் பிரித்தாலும் அந்த இடைவெளியைத் தாண்டிப் பொறியாகப் பாய்ந்துகொண்டே இருக்கும். வாய்க்காலில் வேகமாக வரும் தண்ணீரைப் பலகை போட்டு அடைத்தால் கரை மீறி வழிகிறதல்லவா? அந்த மாதிரி. முனைகள் கருகும், நிறுத்தமும் மந்தமாகிவிடும். 1853-ல் பிரெஞ்சு விஞ்ஞானி ஃபிஸோ இதற்கு ஒரு பரிகாரம் சொன்னார். பலகைக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் குட்டை வெட்டிவிடுங்கள்; முதல் வேகத்தில் வரும் தண்ணீர் குட்டையில் போய்த் தங்கும்; அதற்குள் பலகை நன்றாக இறங்கிவிடும். குட்டை என்பது தொடுமுனைகளுக்குக் குறுக்கே இணைத்த கண்டென்ஸர். பாரிஸில் ரூம்கார்ஃப் என்ற யந்திரக் கலைஞர் இதைச் சேர்த்துக் கட்டிய காயில்களுக்காக 1864-ல் 50,000 பிராங்க் பரிசு பெற்றார். அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே, 1860-ல், லெனுவா என்பவர் அந்தக் காயிலின் பொறியைக் கொண்டு எரிவாயு யந்திரம் ஒன்றை ஓட்டிவிட்டார். மோட்டார் வண்டி பிறப்பதற்கு முன்பே அதன் உயிர்ப்பொறி பிறந்து காத்துக்கொண்டிருந்தது.

1886-ல் கார்ல் பென்ஸ் தம் மூன்று சக்கர வண்டிக்குப் பேடண்ட் வாங்கினார். இரண்டு ஆண்டு கழித்து, கணவரிடம்கூடச் சொல்லாமல், அவருடைய மனைவி பெர்த்தா இரண்டு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மன்ஹைமிலிருந்து ஃபோர்ஸ்ஹைம் என்ற தம் பிறந்தகத்துக்குச் சுமார் 100 கிலோமீட்டர் அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு போனார். வழியில் பொறிக்குப் போகும் கம்பி மேலுறை தேய்ந்து தொந்தரவு கொடுத்தது. அந்த அம்மாள் தம் காலுறைப் பட்டியைக் கழற்றிக் கம்பியைச் சுற்றிக் காப்பிட்டார். உலகத்தின் முதல் ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒரு பெண்மணி என்று நான் சொன்னால் யாரும் மறுக்க முடியாது.

அந்த நாளைய வண்டிகளில் பொறி மழையாகக் கொட்டியது. காயிலோடு சேர்ந்த ஓர் அதிர்தகடு வண்டுபோல் ரீங்காரம் செய்துகொண்டே மின்சாரத்தை ஓயாமல் அறுத்து அறுத்து விடும். 1908-ல் தொடங்கி 1927 வரையில் ஒன்றரைக் கோடிக்குக் குறையாமல் வெளிவந்த ஃபோர்ட் 'டி' மாடல் காரில் நான்கு சிலிண்டருக்கு நான்கு மரப்பெட்டிக் காயில்கள் இருந்தன. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு கண்டென்ஸர். ரீங்காரம் கேட்டால் வண்டி சௌக்கியம் என்று அர்த்தம்.

பொறி மழை எதற்கு, ஒரே பொறி போதாதா என்று கேட்டவர் சார்லஸ் கெட்டரிங். அமெரிக்காவில் ஓஹையோ மாகாணத்துக்காரர். கடைகளில் பணம் வாங்கிப் போடும் காஷ் ரிஜிஸ்டரை மின்சாரத்தில் இயங்கச் செய்தவர். இழுப்பறையைத் தள்ளித் திறக்க ஒரு மோட்டார் வேண்டும். ஆனால் அது நாள் முழுவதும் ஓட வேண்டியதில்லை. ஒரு நொடி ஓடினால் போதும். ஒரு நொடி மட்டும் ஓடுவதென்றால், சின்ன மோட்டாரையே அதன் தகுதிக்கு மீறி வேலை வாங்கலாம். சூடேறுவதற்குள் வேலை முடிந்துவிடும்! இந்தச் சின்ன யோசனை அவர் வாழ்க்கையை நிர்ணயித்தது. 1909-ல் அவர் அமைத்த இக்னிஷன் முறையில் ஒரு ரிலே இருந்தது. அது மின்சாரத்தை ஒரே தடவை அறுத்து, அறுந்தபடியே பிடித்து வைத்துக்கொள்ளும். மழைக்குப் பதில் ஒரே ஒரு பலமான பொறி, பாட்டரியும் நீடித்தது. காடிலாக் கம்பெனி அதை ஏற்றுக்கொண்டது.

அதன் பின்னர் வந்ததுதான் செல்ஃப் ஸ்டார்ட்டர். அந்தக் காலத்தில் மோட்டார் வண்டியைக் கிளப்புவது மல்யுத்தத்தில் பாதி. முன்பக்கத்தில் ஹாண்டிலைச் செருகிச் சுற்ற வேண்டும். பொறி முந்திக்கொண்டு வந்துவிட்டால் யந்திரம் பின்னுக்கு உதைக்கும். கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்துக்கொள் என்பது டிரைவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கும் முதல் பாடம். மறந்தவர்களின் மணிக்கட்டு முறிந்தது, கை முறிந்தது, தாடை உடைந்தவர்களும் உண்டு. காஷ் ரிஜிஸ்டரின் இழுப்பறையைத் திறந்த அதே யோசனையைக் கெட்டரிங் இங்கே கொண்டுவந்தார். யந்திரத்தைக் கிளப்ப வேண்டியது சில விநாடிகள்தானே! 1912-ஆம் ஆண்டு காடிலாக் கார்களில் செல்ஃப் வந்தது. ஹாண்டில் மெல்ல மெல்லப் பெட்டிக்குள் போயிற்று. காசு எண்ணும் யந்திரத்திலிருந்து பிறந்த ஒரு நொடி மின்சாரம் எத்தனை மணிக்கட்டுகளைக் காப்பாற்றியது என்று யார் கணக்கெடுப்பது?

இனி நம் ஊருக்கு வருவோம்.

சென்னை மின்சாரத்துக்குப் புதிய ஊர் அல்ல. 1895-லேயே இங்கே மின்சார டிராம் ஓடிற்று. 1903-ல் சிம்சன் கம்பெனியில் சாமுவேல் ஜான் கிரீன் ஒரு கார் கட்டினார். ஆனால் அது நீராவிக் கார். அதற்குப் பொறியும் வேண்டாம், காயிலும் வேண்டாம். பெட்ரோல் வண்டிகள் பெருகியபோது, அவற்றோடு மின்சாரச் சாமான்கள் அத்தனையும் கப்பலில் வந்து இறங்கின. 1911-ல் மதுரையில் தொடங்கிய டி. வி. சுந்தரம் ஐயங்காரின் நிறுவனம் பஸ்களை ஓட்டியது, கார்களையும் உதிரிச் சாமான்களையும் விற்றது, பழுது பார்த்தது. கோயம்புத்தூர்ப் பக்கத்தில் ஜி. டி. நாயுடு 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ்ஸோடு ஆரம்பித்தார். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்குப் பஞ்சம் வந்தபோது, டி.வி.எஸ். தயாரித்த கரிவாயுக் கலத்தை முதுகில் கட்டிக்கொண்டு பஸ்கள் ஓடின. பெட்ரோலுக்கு மாற்றாகக் கரி கிடைத்தது. ஆனால் கருகிப்போன பாயிண்டுக்கும் ஓட்டையான கண்டென்ஸருக்கும் மாற்று எங்கே கிடைக்கும்? பழசைத் தேய்த்துத் துடைத்து, உடைந்ததை ஒட்டுப் போட்டு ஓட்டும் வித்தையை நம் மெக்கானிக்குகள் கற்றது பற்றாக்குறையின் பள்ளிக்கூடத்தில்தான். புதுப்பேட்டையிலும் ஜெனரல் பாட்டர்ஸ் ரோட்டிலும் அந்தப் பரம்பரை இன்றைக்கும் கடை வைத்திருக்கிறது.

சுதந்திரத்துக்குப் பின் அரசாங்கம் ஒரு முடிவு செய்தது. வெளிநாட்டுப் பாகங்களை இறக்கி இங்கே முடுக்கி விற்பவர்கள் வேண்டாம். படிப்படியாக இங்கேயே செய்கிறவர்கள் இருந்தால் போதும் என்று 1953-ல் விதித்தது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் மூட்டை கட்டிக்கொண்டு போயின. எண்ணூரில் 1948-ல் தோன்றிய அசோக் மோட்டார்ஸ், வண்டலூரில் ஸ்டாண்டர்ட், 1955-ல் திருவொற்றியூரில் என்ஃபீல்ட் என்று சென்னையைச் சுற்றிலும் வண்டிகள் உருவாயின. ஆனால் வண்டி என்பது என்ன? இரும்புச் சட்டமும் சக்கரமும் யந்திரமும் மட்டுந்தானா? டைனமோ, செல்ஃப் மோட்டார், டிஸ்ட்ரிபியூட்டர், காயில், கட்-அவுட், ஹார்ன் இவை இல்லாவிட்டால் வண்டி வெறும் பொம்மை. இவற்றைச் செய்வதற்காக 1961-ல் பாடியில் லூகாஸ் டி.வி.எஸ். ஏற்பட்டது.

லூகாஸ் என்பது பர்மிங்ஹாமில் ஜோஸப் லூகாஸ் என்பவர் தொடங்கிய கம்பெனி. தெருவில் தள்ளுவண்டியில் மண்ணெண்ணெய் விற்றவர் அவர். பிறகு கப்பல் விளக்குச் செய்தார். 1879-ல் 'சாலை வேந்தன்' என்று பெயரிட்டுச் சைக்கிள் விளக்குச் செய்தார். அந்தக் கம்பெனியின் மின்சாரச் சாமான்கள் பிற்காலத்தில் அடிக்கடி காலை வாரியதால், 'இருட்டின் இளவரசர்' என்று ஆங்கிலேயர்களே அவருக்குப் பட்டம் கொடுத்துக் கேலி செய்வது உண்டு.

பாடி என்றால் இன்று பலருக்கு நினைவு வருவது மேம்பாலம். ஆனால் அது ஞானசம்பந்தர் பாடிய திருவலிதாயம் இருக்கிற பழைய ஊர். அந்தக் கோவிலுக்கு எதிரொலியாக 1960-களில் ஆலைச் சங்கு ஊதத் தொடங்கியது. லூகாஸோடு வீல்ஸ் இந்தியா, பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன் என்று அடுத்தடுத்து வந்தன. அதே பத்தாண்டில் அம்பத்தூர் தொழிற்பேட்டை எழுந்தது. ஆவடியில் டாங்குத் தொழிற்சாலை தோன்றி, 1965-ல் 'விஜயந்தா' வெளிவந்தது. நேற்று வரை ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த ஊர்களில், மயிரிழைக் கம்பியைக் காயிலாகச் சுற்றும் கைகள் வேலைக்குப் போயின. பஸ் நிறுத்தத்துக்கே 'லூகாஸ்' என்று பெயர் நிலைத்தது. பர்மிங்ஹாம்காரரின் பெயர் கண்டக்டரின் வாயில் தமிழ்ச் சொல்லாயிற்று! அந்தக் கைகள் எப்படிப்பட்டவை என்பதற்கு ஒரு சாட்சி உண்டு. தரத்துக்காக ஜப்பான் கொடுக்கும் டெமிங் பரிசை 1998-ல் சுந்தரம் கிளேட்டனும் 2004-ல் லூகாஸ் டி.வி.எஸ்ஸும் பெற்றன.

அந்தக் கைகள் செய்த சாமானின் நுட்பத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். நான்கு சிலிண்டர் கொண்ட ஒரு கார், யந்திரம் நிமிஷத்துக்கு 3,000 சுற்றுச் சுற்ற, பூந்தமல்லிச் சாலையில் ஓடுகிறது. நிமிஷத்துக்கு 6,000 பொறி வேண்டும். அதாவது விநாடிக்கு 100. ஒவ்வொரு பொறிக்கும் பாயிண்ட் ஒருமுறை மூடித் திறக்கிறது. ஒவ்வொரு முறையும் கட்டைவிரல் பருமன் உள்ள ஒரு கண்டென்ஸர் நிரம்பிக் காலியாகிறது. 12 வோல்ட்டாக உள்ளே போன மின்சாரம், பிளக்கின் முனையில் பல்லாயிரம் வோல்ட்டாகத் தெறிக்கிறது. கண்டென்ஸர் கெட்டுப்போனால் பாயிண்ட் கருகிக் குழி விழும்; நீலமாகத் தெறிக்க வேண்டிய பொறி மஞ்சளாக மங்கும்; வண்டி விக்கி விக்கி நின்றுவிடும். அந்த நாளில் பாயிண்டைத் தேய்த்துவிட்டு, மெல்லிய தகட்டைச் செருகி இடைவெளி பார்க்காத டிரைவர் டிரைவரே அல்ல.

டைனமோவின் பக்கத்தில் இன்னொரு ரிலே இருந்தது. அதற்குக் கட்-அவுட் என்று பெயர். வண்டி வேகமாகப் போகும்போது டைனமோ பாட்டரிக்குக் கொடுக்கும். வேகம் குறைந்தால் பாட்டரியின் மின்சாரம் திரும்பி டைனமோவுக்குள் வடிந்துவிடும். அந்தச் சமயம் பார்த்துக் கட்-அவுட் கதவைச் சாத்திவிடும். கொடுக்கிறவன் வாங்குகிறவனாக மாறும் நேரம் தெரிந்து கதவைச் சாத்துவது லேசான காரியமா?

பிறகு கை காட்டும் விளக்கு. பழைய மாரிஸ், ஆஸ்டின் கார்களில் திரும்பும் பக்கத்தில் ரயில் கைகாட்டிபோல் ஒரு சின்னக் கை வெளியே நீளும். சில சமயம் நீண்ட கை உள்ளே போகாது. டிரைவர் ஒரு தட்டுத் தட்ட வேண்டும். லாரிகளிலும் பஸ்களிலும் டிரைவரின் கையே இண்டிகேட்டர். இவற்றின் இடத்தில் மினுக்கும் விளக்கு வந்தது. அதை மினுக்குவது ஃபிளாஷர். அதில் ஒரு வகை, சூடான கம்பி நீண்டு சுருங்குவதால் மினுக்குவது. மற்றொரு வகை, ரிலேயும் கண்டென்ஸரும் சேர்ந்து மினுக்குவது. கண்டென்ஸர் நிரம்பும் வரையில் ரிலே ஒரு பக்கம் சாயும். வடியும் வரையில் மறு பக்கம். ஏரி நிரம்புவதும் வடிவதும்தான் தாளம். நிமிஷத்துக்கு 60 முதல் 120 முறைக்குள் மினுக்க வேண்டும் என்பது உலக வழக்கு. மனிதன் நாடித் துடிப்பும் ஏறக்குறைய அந்தக் கணக்கில் இருப்பது கவனிக்கத் தக்கது.

காலம் மாறிற்று. டைனமோ போய் ஆல்டர்னேட்டர் வந்தது. அதற்குள் இருந்த டயோடுகள் கட்-அவுட்டின் வேலையைச் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டன. பாயிண்டுகளின் இடத்தை டிரான்ஸிஸ்டர் பிடித்தது. மோட்டார் சைக்கிள்களில் ஒரு புது முறை பரவியது. ஒரு கண்டென்ஸரில் நூற்றுக்கணக்கான வோல்ட்டைத் தேக்கி, பொறி வேண்டிய கணத்தில் ஒரே வீச்சாகக் காயிலுக்குள் கொட்டுவது. புது முறை என்றா சொன்னேன்? 1898-லேயே நிகோலா டெஸ்லா இதற்குப் பேடண்ட் வாங்கியிருந்தார். லைடன் குப்பி 180 வீரர்களைத் துள்ள வைத்த அதே வித்தைதான். மதகைத் திறக்கத் தகுந்த ஒரு விரைவான கதவு கிடைக்காமல் அது அரை நூற்றாண்டுக்கு மேல் காத்திருந்தது.

இப்போது வானகரத்துக் கடைக்குத் திரும்பலாம். பழைய கார் ஒன்றுக்கு ஸென்ட்ரல் லாக் போட வேண்டும் என்று ஒருவர் வருகிறார். சாவியைத் திருப்பினால் நான்கு கதவும் பூட்டிக்கொள்ள வேண்டும். சாவி திருப்பியபடியேதான் இருக்கும். மின்சாரமும் வந்துகொண்டே இருக்கும். பூட்டு மோட்டாருக்கோ அரை விநாடிக்கு மேல் ஆகாது. என்ன செய்வது? ரிலேயின் சுருளோடு தொடராக ஒரு பெரிய கண்டென்ஸரைச் சேர்த்துவிட வேண்டியதுதான். சாவி திரும்பியதும் மின்சாரம் சுருள் வழியாகக் கண்டென்ஸரை நிரப்ப ஓடுகிறது. ஓடும் நேரத்தில் ரிலே இழுத்துக்கொள்கிறது, பூட்டு விழுகிறது. கண்டென்ஸர் நிரம்ப நிரம்ப ஓட்டம் குறைகிறது. ரிலே கையை விட்டுவிடுகிறது. சாவி திருப்பியபடி இருந்தாலும் இனி ஒன்றும் நடக்காது.

கணக்கும் எளிதுதான். சுருளின் தடை 80 ஓம், கண்டென்ஸர் 1,000 மைக்ரோஃபாரட் என்றால், இரண்டையும் பெருக்க 0.08 விநாடி. 4,700 மைக்ரோஃபாரட் போட்டால் 0.376 விநாடி. இந்தக் கால அளவுக்குச் சற்றுப் பின்னால்தான் ரிலே கை விடும் என்பதால் நமக்கு வேண்டிய அரை விநாடி கிடைத்துவிடுகிறது. ஆனால் ஒன்று: நிரம்பிய ஏரி காலியாகாவிட்டால் அடுத்த தடவை வேலை செய்யாது. ஆகவே கண்டென்ஸருக்குக் குறுக்கே ஒரு தடையைப் போட்டு, சாவியை எடுத்த பிறகு மெல்ல வடிய விட வேண்டும். சுருள் திருப்பி உதைப்பதைத் தாங்க ஒரு டயோடும் வேண்டும். சில்லறைக் காசில் முடிகிற காரியம். ஒரு கம்ப்யூட்டரும் இல்லை. ஒரு வரி நிரலும் இல்லை. காலனும் ஹென்றியும் ஃபிஸோவும் கெட்டரிங்கும் உள்ளங்கை அகலத்தில் கூடியிருக்கிறார்கள்.

புதிய கார்களில் இதற்கெல்லாம் ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி இருக்கிறது. கெட்டால் பெட்டியோடு மாற்று என்பதே அதற்கு வைத்தியம். அதில் தவறில்லை. அந்தப் பெட்டி புகையைக் குறைத்திருக்கிறது, பெட்ரோலை மிச்சப்படுத்தியிருக்கிறது. ஆனாலும் ஒரு கேள்வி எழுகிறது. பற்றாக்குறைக் காலத்து மெக்கானிக் பழுதைக் கண்ணால் கண்டார். கருகிய பாயிண்ட் அவரிடம் பேசிற்று. பெட்டி பேசுவதில்லை. ஸ்கானர் காட்டும் எண்ணைப் படித்துவிட்டு விலை சொல்லத்தான் வேண்டியிருக்கிறது. 1961-ல் பாடியில் நடந்தது வெறும் ஆலைக் கட்டடம் எழுப்பிய வேலை அல்ல. வெளியூரிலிருந்து வந்த சாமானை வாங்கி மாட்டுகிற சமூகம், அதைத் தானே செய்து அதன் சூட்சுமத்தைத் தெரிந்துகொண்ட சமூகமாக மாறிய வேலை. பெட்டிக்குள் இருப்பதை அறிந்துகொள்ளும் ஆசை விட்டுப்போனால், அம்பத்தூரில் ஆயிரம் ஆலை இருந்தாலும் நாம் மறுபடியும் துறைமுகத்தில் கப்பலை எதிர்பார்த்து நிற்கிறவர்களாகிவிடுவோம்.

ஆனால் நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. பொறியே வேண்டாத மின்சாரக் கார்கள் இன்று அதே சாலையில் ஓடுகின்றன. பிளக் இல்லை; காயில் இல்லை. அப்படியானால் நம் பழைய நண்பர்கள் இருவரும் விடை பெற்றுவிட்டார்களா? இல்லை. அந்தக் காரின் பெரிய பாட்டரியை மோட்டாருக்கு நேரே இணைத்தால், வழியில் உள்ள கண்டென்ஸருக்குள் மின்சாரம் ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்து தொடுமுனைகளை உருக்கிவிடும். ஆகவே முதலில் ஒரு சின்ன ரிலே மூடி, ஒரு தடையின் வழியாகக் கண்டென்ஸரை மெல்ல நிரப்புகிறது. நிரம்பிய பிறகே பெரிய ரிலே மூடுகிறது. பொத்தானை அழுத்தியதும் காருக்குள் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கிறதே, அதுதான் இது. கெட்டரிங் கேட்டிருந்தால் அடையாளம் கண்டிருப்பார்.

மெய்யெழுத்துக்கு அரை மாத்திரை என்றார்கள். அந்த அரை மாத்திரை இல்லாவிட்டால் சொல் சொல்லாகாது. அரை விநாடி மின்சாரத்துக்கும் மரியாதை அவ்வளவுதான். அதற்குக் குறைவும் இல்லை.